ஓர் அளவு பெரிய சப்பாத்து

"கொஞ்சம் பெரிசா எடு பிள்ளை, நாள் இருக்கும்" என்றார் ஞானரட்ணம். ஏஞ்சலாவுக்கு இருபத்திரண்டு வயது. இனிக் கால் வளரப் போவதில்லை என்று அவளுக்கும் தெரியும், கடையில் நின்ற பெண்ணுக்கும் தெரியும். மாமாவுக்கு யார் சொல்வது? தாதிப் படிப்பில் புதன்கிழமை முதல் வைத்தியசாலைப் பயிற்சி, அதற்குக் கறுப்புச் சப்பாத்து வேண்டும். அவள் தன் அளவையே எடுத்து வைத்தாள். அவர் பெரிய மனுசத் தோரணையில் கார்டை நீட்டினார். மெஷின் மறுத்தது. கார்டைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினார். மறுபடியும் மறுத்தது. பின்னால் நின்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். "பரவாயில்லை மாமா, பிறகு வாங்குவம்" என்று அவள் பெட்டியை மூடினாள். இந்த மானக்கேட்டைப் பார்க்கவா பாரிஸிலிருந்து பெட்டி படுக்கையோடு லண்டனுக்கு வந்து சேர்ந்தோம் என்று அவருக்கு இருந்தது.

எமில்டா அவருடைய ஒரே தங்கை. யாழ்ப்பாணத்துக் குருநகரில் இருக்கிறாள். கணவர் செத்த பிறகு மிஞ்சிய காணியை விற்றுத்தான் மகள் ஏஞ்சலாவை இங்கே படிக்க அனுப்பினாள். "அம்மா காசை என்ர எக்கவுண்டுக்கே பாங்க்கால அனுப்பட்டும் மாமா" என்று ஏஞ்சலா வந்த புதிதிலேயே சொன்னாள். ஞானரட்ணம் சிரித்துவிட்டார். படிக்கிற பிள்ளைக்குக் காசுக் கவலை எதற்கு? படிப்புக் கட்டணம், பஸ் கார்ட், புத்தகம், பேனை வரைக்கும் தானே பார்ப்பேன் என்று பொறுப்பெடுத்தார். பத்துப் பவுண் கொடுத்தாலும் பின்னேரம் "பில் துண்டெங்க, மிச்சமெங்க" என்று கை நீட்டுவார். சந்தேகமெல்லாம் இல்லை. பொறுப்பென்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தார், பாவி மனுசன்.

வங்கி வழியாக வந்தால் நாளும் இழுபடும், கையில் வருவதும் குறையும். ஆகவே எல்லாரும் செய்வதுபோல உண்டியல் என்கிற கைமாற்று வழியைப் பிடித்தார். எமில்டா அங்கே ஒரு கடையில் ரூபாயைக் கொடுப்பாள். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நித்தியானந்தன் இங்கே யாருக்கோ சொல்லுவான். யாரோ ஒருவர் போய் ஞானரட்ணத்தின் கணக்கில் பவுணாகப் போடுவார். அந்த யாரோ யார் என்று கேட்கும் வழக்கமில்லை. கேட்டால் நித்தியானந்தனை நம்பவில்லை என்றாகிவிடும்.

கார்ட் ஏன் மறுத்ததென்று கேட்க வங்கிக்குப் போனார். அங்கே இருந்த பெண்ணின் சட்டையில் யசோதினி என்ற பெயரைக் கண்டதும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எங்கட பிள்ளை! தமிழில் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் பொறுமையாகக் கேட்டாள். கணினித் திரையை நீண்ட நேரம் பார்த்தாள்.

"எக்கவுண்டை நிப்பாட்டி செக் பண்ணுகினம் அங்கிள். ஏனெண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல ஏலாது."

"எப்ப பிள்ளை திறப்பினம்?"

"அதுவும் தெரியாது. காசு ஆர் போட்டதெண்டு ப்ரூஃப் கேட்டிருக்கினம். லண்டனுக்கு மற்றப்பக்கம், ஸ்ட்ரெதமில கேஷா போட்டிருக்கு. ஆர் அது?"

"தங்கச்சி."

"தங்கச்சி ஸ்ட்ரெதமிலயா இருக்கிறா?"

"இல்லை, குருநகரில."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஸாரி அங்கிள்" என்றாள். உண்மையாகவே அவளுக்கு மனம் கஷ்டப்பட்டது முகத்தில் தெரிந்தது. அதுதான் அவரை இன்னும் பயப்படுத்தியது. கத்துகிறவர்களோடு திருப்பிக் கத்தலாம். இந்தப் பிள்ளையோடு என்ன செய்வது?

நேரே நித்தியானந்தனின் கடைக்குப் போனார். காசைப் போட்ட ஆளிடம் ஒரு கடிதம் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டார்.

"கடிதமோ? என்ன அண்ணை, பகிடி விடுறியளோ? உங்களுக்குக் காசு வந்ததோ, இல்லையோ?"

"வந்தது."

"பிறகென்ன?" என்று அவன் கத்தரிக்காய் நிறுக்கத் திரும்பிவிட்டான். அவன் சொன்னதிலும் பிழையில்லை. வந்த காசுதான். கண்ணுக்கு முன்னால் கிடக்கிற காசுதான். தொடத்தான் முடியாது.

வெள்ளிக்கிழமைக்குள் கட்டணம் கட்டாவிட்டால் படிப்பு நிற்கும், படிப்பு நின்றால் விசாவும் போகும். ஏஞ்சலா தவணை கேட்டுக் கல்லூரிக்கு எழுதினாள். முடியாதென்று மரியாதையாகப் பதில் வந்தது. அவருடைய சம்பளமும் அதே கணக்கில்தான் பூட்டிக் கிடந்தது. மனைவி லூர்தம்மா துப்புரவு வேலையில் உழைப்பது வாடகைக்கே பத்தாது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் சிநேகிதன் அருள்நேசனைப் பிடித்துக் கடன் கேட்டார். அவன் இல்லை என்று சொல்லவில்லை. வீட்டு மோட்கேஜைச் சொன்னான், ஷிப்ட் குறைந்ததைச் சொன்னான், அரசாங்க பெனிபிட் வெட்டியதைச் சொன்னான். கடைசியில் ஞானரட்ணம்தான் அவனுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் எமில்டா வீடியோவில் வந்தாள். தலையில் எண்ணெய் வைத்து, மகளைப் பார்க்கிற சந்தோஷத்தில் திரை முழுக்க முகமாக நின்றாள்.

"அண்ணை, வெள்ளிக்கு முதல் கட்டவேணுமெண்டு பிள்ளை சொன்னவள். கட்டியாச்சோ?"

ஞானரட்ணம் போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ஏஞ்சலா எட்டிப் போனை வாங்கினாள்.

"ஓமம்மா, மாமா எல்லாம் பாக்கிறார். நீங்கள் யோசியாதேங்கோ."

"எனக்கென்ன யோசனை? அண்ணை இருக்கேக்க."

பேசி முடிந்ததும் அவர் போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். சமையலறையில் லூர்தம்மா குழாயைத் திறந்து விட்டிருந்தாள். அழுவது கேட்கக் கூடாதென்றால் அவள் அப்படித்தான் செய்வாள்.

"ஏன் பிள்ளை பொய் சொன்னனீ?"

"வேறென்ன மாமா சொல்ல?" என்றாள் அவள். கோபத்தில் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வேறு என்ன சொல்லலாம் என்று உண்மையாகவே அவரிடம் கேட்கிற குரல் அது.

புதன்கிழமை காலை ஏஞ்சலா சீருடையில் வந்து வாசற்படியில் குந்தினாள். லூர்தம்மாவின் வேலைக் கறுப்புச் சப்பாத்துகளை எடுத்தாள். நுனியில் டிஷ்யூவைச் சுருட்டி அடைத்து, கயிற்றை இறுக்கிக் கட்டினாள். ஞானரட்ணம் உதவி செய்யப் போகிறவர்போலக் குனிந்தார், பிறகு நிமிர்ந்தார். எதைப் பிடிப்பதென்று தெரியவில்லை.

"அளவா இருக்கோ?"

"கொஞ்சம் பெரிசு" என்றாள் ஏஞ்சலா. எழுந்து ஒரு காலை ஊன்றிப் பார்த்தாள். "நாள் இருக்கும், மாமா."

குத்திக் காட்டினாளா என்று அவள் முகத்தைத் தேடினார். அங்கே அப்படி ஒன்றும் இல்லை. நேற்று பஸ் கார்டுக்குத் தந்ததில் மிஞ்சிய சில்லறையை வழமைபோல ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் படி இறங்கினாள். மழை விட்ட நடைபாதையில் குதிக்கால் ஒவ்வொரு அடிக்கும் சப்பாத்தை விட்டுக் கிளம்பி மறுபடி அதற்குள் விழுந்தது. டப், டப் என்று அந்தச் சத்தம் பஸ் தரிப்பு வரைக்கும் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.