மச்சினன் முகம் தெளிந்தது

பழைய வீடியோவைப் புது டிவியில் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால், வீட்டில் இருப்பவர் யாராவது தம்முடைய தெளிவைக் கொடுத்தாக வேண்டும். தூத்துக்குடியில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அருள்தாசனுக்கும் தெரியும். ஆனால் தன் வீடியோவுக்கு அப்படி ஒரு தேவை வரும் என்று அவர் நினைக்கவில்லை. அதை எடுத்தவர் அவரல்லவா?

மஸ்கட்டில் வேலை பார்த்தபோது வாங்கிய கேம்கார்டரில், மகளின் முதல் நற்கருணை விருந்தை அவரே எடுத்திருந்தார். அந்தக் காலத்துப் பெட்டி டிவியில் அது பிரமாதமாக இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களைப் பிடித்து உட்காரவைத்து முழுவதையும் காட்டுவார். நாளடைவில் வருகிறவர்கள் குறைந்தார்கள். கலை எல்லாருக்கும் புரியாது என்று அவர் சமாதானம் செய்துகொண்டார்.

இப்போது மகள் வெளியூரிலிருந்து சுவரளவு டிவி ஒன்று வாங்கி அனுப்பியிருந்தாள். ஸ்டுடியோவில் டேப்பைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து போட்டார். முதலில் எல்லாரும் குண்டாக இருந்தார்கள். சதுரப் படத்தை டிவி அகலமாக இழுத்திருந்தது.

"என்னைப் பாருங்க, தண்ணி டேங்க் மாதிரி இருக்கேன்" என்றாள் மனைவி ரெஜினாள்.

அகலத்தைக் குறைத்தார். ஷார்ப்னஸைக் கூட்டினார். ஒவ்வொரு தலையைச் சுற்றியும் வெள்ளைக் கோடு விழுந்து, குடித்துவிட்டு வந்திருந்த பெரியப்பா உட்பட விருந்துக்கு வந்த அத்தனை பேரும் புனிதர்கள் ஆனார்கள். யாராவது நடந்தால் சீப்பால் வாரியதுபோல் உடம்பெல்லாம் படுக்கைக் கோடுகள் ஓடின.

"தம்பி வர்ற இடத்துல நிறுத்துங்க" என்றாள் ரெஜினாள்.

அவளுக்கு ஒரே தம்பி, அமலன். விருந்துக்கு மறுநாள் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. போட்டோ என்றாலே ஓடி ஒளிகிறவன். அவன் முகம் இருப்பது இந்த வீடியோவில் மட்டும்தான். அதிலும் சில நொடிகள்தான். அவன் சாப்பிட்டுக்கொண்டே நிமிரும்போது கேமரா அவனை விட்டுவிட்டு மின்விசிறிக்குப் போய்விடும். அதை ஏன் எடுத்தோம் என்று அருள்தாசனுக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு அதில் ஏதோ ஆழமான அர்த்தம் இருந்தது.

படத்தை நிறுத்தினார். திரை முழுவதும் பழுப்பு நிறக் கட்டங்கள்.

"இதுல மூக்கு எது?"

அருள்தாசன் எழுந்து போய்த் தொட்டுக் காட்டினார். அது சட்டைப் பொத்தான்.

ரெஜினாள் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது. டிவியின் செட்டிங்கில் 'படத்தெளிவு' என்ற இடத்துக்குப் போனார். 'யாருடையது?' என்று கேட்டது.

"என்னோடதக் குடுங்க. அவன் என் தம்பி."

"இந்த வீட்டுல பாக்குற மாதிரி இருக்கது உன் முகம் ஒண்ணுதான். அது இருக்கட்டும். என்னை ஆபீஸ்லயே ஒருத்தனும் சரியாப் பாத்ததில்ல" என்று தன் பெயரை அழுத்தினார்.

முதலில் காதுகளையும் வாயையும் வழுக்கையையும் கொடுத்தார். அமலனுக்கு நெற்றி வந்தது. தொந்தியைக் கொடுத்தார், அது தாராளமாக இருந்ததால் சட்டையின் கட்டங்கள், இலை, இலையில் இருந்த எலும்பு எல்லாமே தெளிந்தன. கொடுத்த இடமெல்லாம் நாளுக்கு நாள் அவரிடம் மங்கிக்கொண்டு வந்தது. முடிவெட்டப் போனபோது முடிவெட்டுபவர் கையால் தடவிப் பார்த்து, "எது வரைக்கும் சார் நீங்க?" என்று கேட்டார். கோயிலில் பங்குச் சாமியார் நற்கருணையை நீட்டிவிட்டு அவர் வாய் வந்து சேரும்வரை காத்திருந்தார். ஒரு லாபமும் இருந்தது. எதிர்வீட்டு அம்மா ரெஜினாளிடம், "உங்க வீட்டுக்காரர் இப்பல்லாம் நல்லா இருக்காரே" என்றாள்.

கடைசியாக, மிச்சமிருந்த முகத்தையும் கொடுத்தார்.

அமலனின் முகம் வந்தது. புருவத்தில் பழைய வெட்டு, அரும்பு மீசை, உதட்டோரம் ஒட்டியிருந்த சோறு. ரெஜினாள் திரைக்கு அருகில் போய் நின்றாள். பிறகு, "வாயைத் துடைடா" என்றாள்.

அமலன் புறங்கையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "என்னக்கா, தலையெல்லாம் நரைச்சிட்டு? பக்கத்துல யாரு, ஒண்ணும் வெளங்கலயே?"

"உங்க அத்தான்தான்."

"அத்தானா? ஆடாம நில்லுங்க அத்தான்."

வீடியோ முழுக்க மற்றவர்களைப் பார்த்து அருள்தாசன் கத்திக்கொண்டிருந்த வார்த்தை அது. அவர் ஆடாமல்தான் நின்றார். பயனில்லை.

"நாளைக்குக் கடலுக்குப் போகாத" என்றாள் ரெஜினாள்.

"ஓனர் சத்தம் போடுவாருக்கா."

"நான் சொல்லிக்கிறேன். போகாதடா."

அவன் யோசித்தான். அந்த நேரம் பார்த்துப் படம் மேல்நோக்கி நகரத் தொடங்கியது. தம்பியின் தாடை கீழே மறைந்தது. மின்விசிறியின் ஓர் இறக்கை மேலே எட்டிப் பார்த்தது.

"யோவ்! திருப்பாதய்யா!" என்று அருள்தாசன் திரையைப் பார்த்துக் கத்தினார். "அவன் மேலயே வை! அங்க ஒரு மண்ணும் கிடையாது!"

கேமரா நின்றது. கொஞ்சம் தயங்கியது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கி அமலன் மேல் வந்து நிலைத்தது. தான் சொல்லித் தானே கேட்டது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

"சரிக்கா, போகல" என்றான் அமலன். "ரசம் இருக்கா?"

மறுநாள் காலை படகு ஓனர் சூசைராயர் வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடித்தார். ரெஜினாள் கதவைத் திறந்தாள்.

"அமலன் ஏன் வரல? போட்டு அவனுக்காக நிக்குது."

"அவனுக்குக் காய்ச்சல்ணே."

"பனி ஒத்துக்கலபோல. நல்லாப் பாத்துக்கோ தாயி. சரியானதும் அனுப்பு, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு அவர் பைக்கைக் கிளப்பினார்.

அருள்தாசன் அடுக்களைக்குப் போய்க் கஞ்சிக்கு அரிசி களைந்து போட்டார். தொட்டுக்கொள்ளத் துவையல் அரைக்க அம்மியில் மிளகாயை எடுத்து வைத்தபோது ஹாலிலிருந்து தும்மல் கேட்டது.

"அத்தான், துவையலுக்குக் காரம் கொறச்சலா வைங்க."

அவர் அம்மியில் இருந்த மிளகாயில் ஒன்றை எடுத்து மறுபடி டப்பாவில் போட்டார்.