முப்பத்தேழரை

தன் மனைவி ஆசையாகச் சேர்த்த பதினெட்டு முட்டைகளையும் பக்குவமாக வேகவைத்து முடித்ததும், தையல்காரர் பழியைத் தெர்மோஸ்டாட்டின் தலையில் போட்டார். குஞ்சு பொரிக்கும் பெட்டியில் சூட்டைக் கட்டுப்படுத்துகிற கருவி அது. எதிர்த்துப் பேசாது என்பது அவருக்கு எவ்வளவு வசதி! இருபத்தொரு நாளும் பெட்டியைத் தன் தையல் அறையில் வைத்து, கோட்டுத் துணியால் போர்த்திக் காவல் காத்தவர் அவர்தான். மனைவி எட்டிப் பார்த்தால், "மூடு மூடு, சூடு போயிடும்" என்று விரட்டுவார்.

மனைவி கிளினிக்கில் நர்ஸ். வேலை முடிந்து வரும்போது வாசல்வரை ஓடிவந்து வரவேற்கிற ஒரே ஜீவன் அவளுடைய கருப்புக் கோழிதான். அதுவும் போன வாரம் செத்துப்போனது. இரண்டு நாள் அழுதாள். அது கடைசியாக இட்ட மூன்று முட்டைகள் மட்டும் மிச்சம். இட்ட பத்து நாளுக்குள் அடைவைக்காவிட்டால் அவையும் வீண். முதல் முட்டைக்கு இன்று ஒன்பதாம் நாள். அதனால்தான் புது தெர்மோஸ்டாட் வாங்க இருவரும் கடைக்கு வந்திருந்தார்கள்.

கடைக்காரர் நீல விளக்கு மினுங்கும் தெர்மோஸ்டாட் ஒன்றை எடுத்து வைத்தார். "சிஸ்டர், இது புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் காட்டும். அவ்வளவு துல்லியம்!"

"பாத்தியா? அப்பவே சொன்னேன், நம்மளுது ஓட்டைன்னு" என்றார் தையல்காரர்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கிளினிக்கில் புளுகுகிற நோயாளிகளும் இப்படித்தான் மணி, நிமிஷம் சுத்தமாகச் சொல்வார்கள். பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து, ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினாள். தினமும் ஐம்பது வாயில் வைத்துப் பழகிய காய்ச்சல் தெர்மாமீட்டரை அதில் விட்டாள். முப்பத்தேழரை.

"இப்ப உங்க துல்லியத்தை இதுல விடுங்க."

நீல விளக்கு முப்பத்தெட்டு புள்ளி தொண்ணூற்றிரண்டு என்றது. அடுத்து எடுத்து வைத்தது முப்பத்தாறு என்றது. கடைக்காரர் தண்ணீரைக் குறை சொல்லிப் பார்த்தார். கடைசியாக, வீட்டிலிருந்து கொண்டுவந்த பழையதைக் கரண்டில் மாட்டி, சூட்டை அளக்கிற அதன் வயரையும் கிண்ணத்தில் விட்டாள்.

முப்பத்தேழரை. அச்சாக.

"இது தங்கமா வேலை செய்யுதே சிஸ்டர்!" என்ற கடைக்காரர், பொத்தானை அமுக்கிப் பார்த்துவிட்டு முகம் மாறினார். "முட்டைக்கு முப்பத்தேழரை போதுமே, இதை முப்பத்தொன்பதரைல செட் பண்ணியிருக்கு. யார் வச்சது?"

தையல்காரருக்குத் திடீரென்று கூரையில் ஏதோ முக்கியமான வேலை வந்துவிட்டது. அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"இல்ல... வளர்ற பிள்ளைங்களுக்கு எப்பவும் ரெண்டு இஞ்ச் கூட விட்டுத்தானே தைப்போம். குஞ்சும் உள்ள வளருது. அதான் ரெண்டு டிகிரி..."

கடைக்காரருக்குச் சிரிப்பு முட்டியது. சிஸ்டரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். அவளோ பழைய தெர்மோஸ்டாட்டின் வயரைக் கிண்ணத்திலிருந்து உருவினாள். பதினெட்டும் முட்டைக்குள்ளேயே புழுங்கிச் செத்திருக்கின்றன. இந்தப் புருஷனைக் கிண்ணத்தில் விட்டுப் பார்க்கவும் வழியில்லை.

"இனிமே தொடமாட்டேன்" என்றார் அவர், பரிதாபமாக.

அவள் அவரைப் பார்க்காமல் கடைக்காரரிடம் திரும்பினாள்.

"அண்ணே, முப்பத்தேழரைல நிக்கணும். பொத்தானே இருக்கக் கூடாது. அப்படி ஒண்ணு இருக்கா?"

"பொத்தான் இல்லாட்டி, சூட்டை மாத்தணும்னா என்ன பண்ணுவீங்க?"

"மாத்தறதுக்கு வீட்ல ஆள் இருக்கு. அதுக்காகத்தான் கேக்கிறேன்."