பெயர் எழுதாத பை

யூலோகியாவின் வீட்டை இடிக்க ஊரே திரண்டு வந்திருந்தது. கூட்டு வேலை என்றால் வீட்டுக்காரிதான் எல்லோருக்கும் சோளக்கள்ளு ஊற்ற வேண்டும். வீடு கட்டினாலும் அதுதான், இடித்தாலும் அதுதான். அவள் குடத்தோடு நின்றாள்.

ஊரில் யார் வீட்டில் வின்சுகா பூச்சி அகப்பட்டாலும் பையில் போட்டு அவளிடம்தான் கொடுப்பார்கள்; அவள் அந்த வீட்டுக்காரர் பெயரும் தேதியும் எழுதிச் சுகாதார ஆபீசுக்கு அனுப்புவாள். சுவர் வெடிப்பில் பதுங்கி, தூங்குகிறவர்களின் ரத்தத்தைக் குடிக்கிற பூச்சி அது. அதன் நோயில்தான் அவள் புருஷன் இதயம் வீங்கிச் செத்தான்.

போன வாரம் ஊர்த்தலைவர் செவெரினோவின் மனைவி பிளாசிதா ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"எங்க கட்டிலுக்குப் பின்னால இருந்துச்சுடி. எம்பேர மட்டும் எழுதிராத. பூச்சியில்லாத ஊருன்னு பலகை வாங்கப்போறாரு. என்னக் கொன்னே போட்டுருவாரு." கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

யூலோகியா பையில் தேதியை மட்டும் எழுதி அனுப்பினாள். பெயரில்லாத பை, அனுப்பியவள் வீட்டுப் பைதான், அந்த வீட்டை இடித்துவிட வேண்டியதுதான் என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தது.

"மருந்தடிச்சாப் போதுமே, தலைவரே?" குடத்தோடு நின்றபடியே யூலோகியா கேட்டாள்.

"மருந்துக்காரன் வர ரெண்டு மாசமாகும். பலகை வெள்ளிக்கிழம வருது. ஊத்து தாயி." செவெரினோ முதல் சொட்டுகளைப் பூமித்தாய்க்குச் சிந்திவிட்டுக் குடித்தார்.

கூரை விழுந்தது. நாலு சுவரில் மூன்று விழுந்தன. பிளாசிதாதான் எல்லோரையும் முந்திக்கொண்டு மண்கல்லைப் புரட்டித் தேடினாள். ஒரு பூச்சிகூட இல்லை.

"யூலோகியா மாதிரியே அதுக்கும் கூச்சம்போல! வெளிய தல காட்டமாட்டேங்குது" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

"ஒண்ணுமே இல்லையே, தலைவரே. அந்த ஒரு சுவரையாவது விட்டுருங்க, எம்பொண்ணு ஒண்டிக்க." பிறகு யூலோகியா பிளாசிதா பக்கம் திரும்பி, "அக்கா, எங்க பிடிச்சீங்கன்னு சொல்லுங்கக்கா" என்றாள்.

பிளாசிதா கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"எங்கிட்ட என்னடி கேக்குற? புருஷனத் தின்ன பூச்சிய வீட்டுக்குள்ள வளத்தவ நீ."

நாலாவது சுவரும் சரிந்தது. புழுதி அடங்கியதும் செவெரினோ சுரைக்குடுக்கையை நீட்டினார்.

"குடம் காலி, தலைவரே."

"வேற இல்ல?"

"அடுப்படியில ஒரு குடம் இருந்துச்சு." நாலாவது சுவர் அதன்மேல்தான் விழுந்து கிடந்தது.

"அப்ப தோண்டி எடு. ஆளுங்க தாகமா இருக்காங்கள்ல?"

அவள் குந்தி உட்கார்ந்து, தன் வீட்டைக் கையால் அள்ளி அள்ளி ஒதுக்கத் தொடங்கினாள்.