நான்காம் மேசையின் கோடு

இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னைத் திட்டும்போது அதையும் சேர்த்துத் திட்ட வசதியாக இருக்கும்.

வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் நிறுவனம். ஹாலில் வாடிக்கையாளர்களின் அழைப்புகளை எடுக்க ஆறு மேசைகள். அண்ணிக்கு நான்காம் மேசை. பக்கத்து அறையில் நான், புரோகிராமர். எந்த மேசைக்குப் போன் செய்தவர்கள் காத்திருந்து சலித்துப்போய்த் துண்டித்தார்கள், பத்து நிமிடத்தில் எத்தனை பேர் என்று உடனுக்குடன் வரைபடமாகக் காட்டும் மென்பொருளை நான் செய்ய வேண்டும். துண்டித்தவர்களின் கணக்கு மேசையில் இருப்பவருக்குத் தெரியாது. கண்காணிப்பாளரின் கம்ப்யூட்டரில் மட்டும்தான் தெரியும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் குக்கர். சத்தம் வருவதற்கு முன்பே முகத்தில் ஆவி தெரியும்.

அவருக்குச் செய்து காட்ட வேண்டிய நாளில் டேட்டாபேஸ் கைவிரித்துவிட்டது. கோடுகள் அசையாமல் நின்றால் மானம் போய்விடுமே என்று, இரண்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஏதாவது ஒரு எண்ணை அள்ளிவிடும்படி நாலு வரி எழுதி ஒப்பேற்றினேன். ஆறு கோடுகளும் துள்ளிக் குதித்தன. குக்கர் கைதட்டினார்.

மறுநாள் இணைப்பு சரியாகிவிட்டது. ஒவ்வொரு மேசையாகப் பொய் எண்ணை எடுத்துவிட்டு, நிஜத் தகவலோடு இணைத்தேன். நான்காம் மேசையை மட்டும் கடைசிக்குத் தள்ளினேன். நம்ம அண்ணிதானே, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற மெத்தனம். மற்ற ஐந்தையும் முடித்ததும் வேறு வேலை வந்து தலையில் விழ, அதைச் சுத்தமாக மறந்துபோனேன்.

மற்ற கோடுகள் அவ்வப்போது பூஜ்யத்துக்கு இறங்கின. நான்காம் கோடு இரண்டுக்குக் கீழே வரவே இல்லை.

"நாலு! தூங்குறீங்களா? ஆளுங்க வெறுத்துப்போய் வெச்சுட்டுப் போறாங்க!" என்று ஹால் அதிரக் கத்துவார் குக்கர். தினமும் என் காதில் விழுந்தது. எனக்கு அண்ணியைப் பார்த்து வெட்கமாக இருந்தது. இவரால் என் பெயரும் கெடுமே என்று நினைத்தேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இப்போதும் அந்தக் கதவை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வெள்ளிக்கிழமைக்குள் கோடு இறங்காவிட்டால் நான்காம் மேசைக்கு வேறு ஆள் என்று குக்கர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை வீட்டில் சாப்பிடும்போது அண்ணி கேட்டார். குரல் கட்டிப்போயிருந்தது.

"தம்பி, அந்தக் கோட்டை எப்படித்தான் இறக்குறது? சாப்பிடக்கூட எழுந்திருக்கறதில்ல. பாத்ரூம் போகணுமேன்னு தண்ணி குடிக்கறதையும் விட்டுட்டேன். ரெண்டுக்குக் கீழே வரவே மாட்டேங்குதாம்."

"வீட்டுக்கு ஒரு போன் வந்தா அரை மணி நேரம் பேசுவா. அங்கேயும் அதே கதைதான் போல," என்று அண்ணன் சிரித்தான்.

இரண்டு. நான் ஒப்பேற்றிய அந்த நாலு வரியின் கீழ் எல்லையும் அதுதான்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்த நாலு வரியை அழித்து, நிஜத் தகவலை இணைத்தேன். கோடு சடாரென்று பூஜ்யத்தில் விழுந்தது. அங்கேயே கிடந்தது. ஆறு பேரில் அண்ணி அளவுக்கு வேலை செய்தவர் யாருமே இல்லை.

ஹாலில் குக்கரின் குரல் கேட்டது. "பாத்தீங்களா? நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டாத்தான் வழிக்கு வர்றாங்க!"

சிறிது நேரத்தில் அண்ணி என் அறைக்கு ஓடி வந்தார். கையில் தண்ணீர் பாட்டில். "தம்பி, இறங்கிடுச்சாம்!" என்று சொல்லி, நின்ற இடத்திலேயே பாதி பாட்டிலைக் குடித்தார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் உண்மையை அப்படியே விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த அளவுக்குக் கேவலமானவன் நான்.

"அண்ணி, அது உங்க கணக்கே இல்ல. நான் போட்ட பொய் எண். மாத்த மறந்துட்டேன்."

அவர் பாட்டிலை மெதுவாக மூடினார். "எத்தனை நாளா?"

"பதினோரு நாளா."

"அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல அண்ணி. முதல்ல உங்ககிட்ட தனியா..."

"என்னைத் தனியாவா திட்டினாங்க?"

நான் திரையில் பூஜ்யத்தில் கிடந்த கோட்டைப் பார்த்தேன்.

"ஹால்ல வந்து சொல்லு," என்றார் அண்ணி. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நான் எழுந்திருக்கும்வரை நின்றார்.