மூன்று ஃபிலிமில் அக்கா

அக்காவின் கழுத்துக் கட்டியை எடுத்த ஸ்கேன் படங்களை உறைக்குள் போட்டுக்கொண்டே டாக்டர், "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்றார். அக்கா சரி சரி என்று தலையாட்டினாள். தைக்கக் கொடுத்த துணி நாளைக்குத்தான் கிடைக்கும் என்று அவள் சொல்லும்போது வாடிக்கைக்காரர்கள் தலையாட்டுவார்களே, அதுபோல. தம்பிக்கு அந்த 'ஒரு வருஷம்' காதில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது.

அவன் ஒரு புகைப்பட மாதப் பத்திரிகைக்கு ஃபிலிம்களைச் சோதித்து எழுதுகிறவன். போன வருடம் இதே மாதம், மங்கலான வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கத் தோதான கலர் ஸ்லைடு ஃபிலிம்கள் மூன்றை ஒப்பிட்டு எழுதினான். நானூறு, எண்ணூறு, ஆயிரத்து அறுநூறு. இந்த எண்தான் ஃபிலிமின் வேகம், வெளிச்சத்தை வாங்கும் திறன்; அது ஏற ஏறப் படத்தில் புள்ளி பெருகும், கூர்மை மழுங்கும். எவ்வளவு என்பதுதான் சோதனை. அதற்கு ஆடாமல் அசையாமல் உட்கார ஓர் ஆள் வேண்டும். அக்காவை விட்டால் யார்? ஜன்னலோரத் தையல் மெஷினில் உட்கார்ந்தபடி, கழுத்தில் தொங்கும் அளவு டேப்போடு, மூன்று ரோலுக்கும் முகம் கொடுத்தாள். "இத்தனை நேரம் என்னை யாருமே பாத்ததில்லடா. கண்ணாடிகூடப் பாத்ததில்ல" என்று சிரித்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவள் நேராக மெஷினுக்குப் போனாள். முடிக்க வேண்டிய பள்ளிச் சட்டைகள் இருந்தன. அவன் அடுத்த அறையில் பழைய பெட்டியைத் திறந்து, மூன்று ஸ்லைடுகளை, அடியில் விளக்கெரியும் லைட் பாக்ஸின் மேல் வைத்துப் பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டினான்.

ஆயிரத்து அறுநூறில் அவள் கழுத்து வெறும் மணல். எண்ணூறில் டேப்புக்குப் பக்கத்தில் ஒரு நிழல். காலரின் நிழலாகவும் இருக்கலாம். நானூறில் சந்தேகத்துக்கே இடமில்லை. டேப்பின் எட்டாம் எண்ணை ஒட்டி, பட்டாணி அளவில் ஒரு புடைப்பு. ஜன்னல் வெளிச்சம் அதன் ஒரு பக்கத்தில் விழுந்து மறுபக்கத்தை இருட்டாக்கியிருந்தது. பெட்டியில் கிடந்த குறிப்புச் சீட்டில் அவனுடைய கையெழுத்து: "கழுத்தருகே டேப்பின் எண்கள் தெளிவு. கூர்மை மிக நன்று. பத்துக்கு ஒன்பது."

நகக்கண் அளவுகூட இல்லாத அந்த இடத்தை அப்போது இரண்டு நாள் முழுக்கப் பார்த்திருக்கிறான். எட்டின் இரண்டு சுழிகளும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பார்த்தான். வேறொன்றும் பார்க்கவில்லை. தினமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டபோதும் பார்க்கவில்லைதான். ஆனால் அதற்கெல்லாம் யாரும் மதிப்பெண் போட்டு எழுதி வைக்கவில்லை.

மெஷின் சத்தம் நின்றது. ஸ்லைடைச் சட்டைப்பைக்குள் போடக் கை போவதற்குள் அக்கா வாசலில் நின்றாள்.

"போன வருஷத்துப் படமா? அதுல இருக்கா?"

"இல்லக்கா. எல்லாம் புள்ளி. ஒண்ணும் தெரியல."

"நானூறுலயுமா?"

இத்தனை வருடம் அவன் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் தொழில் பிடிபட்டிருந்தது. அவன் நானூறைக் கையால் மறைத்தான்.

"தள்ளு."

ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் ஆயிரத்து அறுநூறை அவள் முன்னால் நகர்த்தினான். "என்னடா இது, மண்ணள்ளிப் பூசின மாதிரி இருக்கேன்" என்று ஒதுக்கினாள். எண்ணூறைக் கொஞ்சம் பார்த்துவிட்டு அதையும் ஒதுக்கினாள். பிறகு அவளே நானூறின் மேல் கண்ணாடியை வைத்துக் குனிந்தாள். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் எட்ட நின்றே கண்டுபிடிக்கிற கண் அது. அவன் அவளுக்குப் பின்னால் நின்றான்.

"நம்பரெல்லாம் நல்லா விழுந்திருக்குடா" என்றாள்.

கண்ணை எடுக்காமலே இடது கையை உயர்த்தி, காலரை மெல்ல விலக்கினாள். துணிக்குள் மறந்துவிட்ட குண்டூசியைத் தேடுவதுபோல் அவள் விரல்கள் கழுத்தில் இறங்கி, நின்று, மறுபடி நகர்ந்தன.