இருபது பாகை

1

இந்தக் கதை துருப்பிடித்த ஒரு திருகாணியில் இருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு துணிவு வராது: அது துருப்பிடித்தது என்னால். முதல் பிரதியில் பழியைப் பக்கத்து வீட்டுப் பூனையின் மேல் போட்டுப் பார்த்தேன். பூனை எப்படித் திருகாணியைத் துருப்பிடிக்க வைக்கும் என்று இரண்டு பக்கம் விளக்க வேண்டியிருந்தது. கிழித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "ஊர்காவற்றுறைக் கடல் அன்று காலை அமைதியாக"

கடல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் குசினியில் அடுப்புக்கு முன்னால் இருந்தேன்.

மூன்றாவது: "மேரிசுகந்தி என்றொரு தாய் இருந்தாள். அவளுக்கு டிலோன் என்றொரு மகன்"

இது உண்மை. ஆனால் மேரிசுகந்தி என் அம்மா. தன்னை "இருந்தாள்" என்று எழுதியதைக் கண்டால் என்னைக் கருவாட்டோடு காயப்போடுவார். (நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. கொப்பி உப்புச் சாக்குகளுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால்தான் பக்கங்கள் எப்போதும் ஈரம்.)

சரி, தொடக்கம் இல்லாமலே போவோம்.

2

அண்ணா டிலோன் பரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்கிறார். போய் ஆறு வருடம். போன வருடம் மே மாதம் அப்பா இறந்தபோது அவரிடம் விசா இல்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது. வரவில்லை. செத்தவீட்டைத் தொலைபேசியில் பார்த்தார். பிடித்துக்கொண்டு நின்றது நான்.

அடுத்த கிழமை அம்மா அவரிடம் சொன்னார்: "கொப்பரின்ர செத்தவீட்டைப் படம் பாக்கிற மாதிரிப் பாத்தனி. இனி எனக்குக் கோல் எடுக்காதை."

அண்ணா எடுக்கவில்லை. ஒன்பது மாதம்.

பிறகு ஒரு பெட்டி வந்தது. கடிதம் இல்லை. உள்ளே நாலு கல், ஒரு கம்பி, கத்தியைக் கவ்வும் ஒரு பிடி. கத்தியைப் பிடியில் வைத்துத் திருகாணியை இறுக்கி, கல்லைக் கம்பியில் மாட்டித் தேய்த்தால், கல் எப்போதும் ஒரே சரிவில்தான் போய்வரும். கை நடுங்கினாலும் சரிவு மாறாது.

அந்த ஞாயிறு தொலைபேசி அடித்தது. அம்மா எடுத்தார்.

"இதென்னடா?"

"கத்தி தீட்டுறது, அம்மா."

"அதுக்குக் கிணத்துக்கட்டு இருக்குத்தானே."

"சீமெந்தில தேய்ச்சா கத்தி செத்திடும். இது இருபது பாகையில நிக்கும்."

"ஆர் சொன்னது இருபதெண்டு?"

"எங்கட குசினியில எல்லாம் இருபதுதான்.*"

"உங்கட குசினி," என்றார் அம்மா.

ஒன்பது மாதத்துக்குப் பிறகு தாயும் மகனும் கதைத்தது இவ்வளவும்தான். நான் அருகில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் கத்தி. அதற்கடுத்த ஞாயிறும் கத்தி.

"பிசிர் எழும்பிச்சோ அம்மா?"

"எழும்பிச்சு."

"மற்றப் பக்கம்?"

"அங்காலயும்தான்."

பிசிர் என்றால் தீட்டும்போது கத்தி விளிம்பின் மறுபக்கம் எழும்பும் மெல்லிய இரும்பு ஓரம். அப்பாவின் பெயர் ஒருநாளும் வரவில்லை. ஒருமுறை பதினேழு நிமிடம் கதைத்தார்கள். நான் கையில் கட்டியிருக்கும் அப்பாவின் மணிக்கூட்டில் பார்த்தேன். பதினேழு நிமிடமும் கல்லைப் பற்றி. இரண்டு பேரும் வளர்ந்த ஆட்கள் என்பதை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

* நான் பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் விட்டேன். எழும்பி வாசிக்கச் சொன்னால் குரல் வராது. அதற்கு இந்தக் கதையில் இடமில்லை. ஆனால் கொம்பாஸ் பெட்டி மிஞ்சியிருந்தது. பாகைமானியை வைத்துக் கல்லின் சரிவை அளந்தேன். இருபத்திரண்டு. இரண்டு பேருக்கும் சொல்லவில்லை.

3

இந்த இடத்தில் எனக்கு அம்மாவில் சந்தேகம் வருகிறது. எழுத எழுத மென்மையாகிக்கொண்டு போகிறார். "மகனின் நினைவில் அந்தக் கல்லைத் தடவி" என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். பொய். அம்மா அந்தக் கல்லைத் தொட்டதே இல்லை. "உந்தக் கம்பியும் கட்டையும் எனக்கு விளங்காது, நீ செய்," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் தீட்டுவது நான். ஞாயிற்றுக்கிழமை "எழும்பிச்சு" என்று சொல்வது அவர். எனக்குப் பிசிர் எழும்பியதா என்று யாரும் கேட்கவில்லை.

கருவாட்டுக்கு மீன் பிளப்பதுதான் அம்மாவின் தொழில். கூட இருந்து பிளக்கும் றோசம்மா அக்கா ஒருநாள் கேட்டார்:

"மேரி, உன்ர மோன் கத்தி தீட்ட மிசின் அனுப்பினவனாம். மற்றவளவையின்ர பிள்ளையள் ஃபிறிட்ஜ் எல்லோ அனுப்புதுகள்."

"ஃபிறிட்ஜுக்குள்ள வைக்க முதல் வெட்டத்தானே வேணும்," என்றார் அம்மா.

இதுதான் அம்மா. மென்மையான வரியை வெட்டிவிட்டேன்.

4

இனித் திருகாணி.

"கல்லைப் பத்து நிமிசம் தண்ணியில ஊறப் போடு," என்றுதான் அண்ணா எனக்குச் சொல்லியிருந்தார். எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. பரிஸில் ஒரு தண்ணீர்தான் போல. எங்களுக்கு இரண்டு. கிழமைக்கு இரண்டு தரம் பவுசர் லொறியில் வருவது குடிக்க. கிணற்றில் இருப்பது உவர், மீன் கழுவவும் கால் கழுவவும். குடிக்கிற தண்ணீரைக் கல்லுக்கு ஊற்றிவிட்டு இந்த வீட்டில் ஒருத்தி நிம்மதியாக இருக்க முடியுமா? ஒவ்வொரு வெள்ளியும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். ஈரத்தோடேயே பெட்டியை மூடினேன்.

கடைசி வெள்ளிக்கிழமை தீட்டி முடித்தேன். கத்தியைப் பிடியில் இருந்து கழற்றுவதற்குள் பவுசரின் ஹோர்ன் கேட்டது. தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது கத்தி நினைவில் இல்லை.

சனிக்கிழமை காலை கட்டா மீன் வந்து குவிந்தது. ஞாயிறு தொழிலில்லை என்பதால் சனிக்கு எப்போதும் மீன் கூடுதல்.

"கத்தி எங்க, பிள்ளை?"

திருகாணி திரும்பவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டேன், மண்ணெண்ணெய் விட்டேன், குறடு போட்டேன். திருகாணியின் தலைதான் மழுங்கியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மீனில் இலையான் மொய்த்தது.

அம்மா கத்துவார் என்று நின்றேன். கத்தவில்லை. கம்பியை உருவிப் போட்டுவிட்டு, முதுகில் பிடியும் அதன் தண்டும் நீட்டிக்கொண்டிருந்த கத்தியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் மீனுக்கு முன் குந்தினார்.

"என்ன மேரி, கத்திக்குக் கொம்பு முளைச்சிருக்கு?" றோசம்மா அக்கா.

"கொம்பிருக்கிறது முட்டும். தள்ளி இரு."

அறுபது கட்டா. கடைசி மீனைப் பிளந்து முடித்துக் கத்தியைத் துடைத்தபடி, "நல்லா வெட்டுது," என்றார். இத்தனை ஞாயிறுகளில் இந்த இரண்டு சொல்லை அவர் அண்ணாவிடம் சொன்னதில்லை.

பிறகு, "கிணத்துத் தண்ணியோ ஊத்தினனி?"

"ஓம்."

"அவன் சொல்லேல்லையோ?"

"இல்லை."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "எங்கட கிணறு உப்பெண்டதையும் மறந்திட்டான்," என்றார் அம்மா. அது எனக்குச் சொன்னது இல்லை.

5

நாளை ஞாயிறு. "கத்தியைக் காட்டுங்கோ அம்மா" என்று அண்ணா கேட்பார். எழுதிப் பார்த்த முடிவுகள்:

முதலாவது. நான் பொய் சொல்கிறேன். வேறு கத்தியைக் காட்டுகிறேன். எல்லாம் சுகம். அடுத்த ஞாயிறும் இருபது பாகை, அதற்கடுத்த வருடமும் இருபது பாகை, நான் தலை நரைத்துத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வேண்டாம்.

இரண்டாவது. துருவைக் கண்டு அண்ணா சிரிக்கிறார், அம்மாவும் சிரிக்கிறார். (இவர்கள் இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். வெட்டியாயிற்று.)

மூன்றாவது. "கிணறு உப்பெண்டதை மறந்திட்டியோடா?" என்று அம்மா கேட்கிறார். அதற்குப் பின்னால் செத்தவீடு வரும். மறந்ததெல்லாம் வரும், வராததெல்லாம் வரும். அண்ணா, "அம்மா, நான்"

இதை நாலு தரம் எழுதிவிட்டேன். நாலு தரமும் "நான்" என்ற சொல்லோடு நிற்கிறது. மீண்டும் ஒன்பது மாதமா, அல்லது இந்த முறை முழுவதுமாகவா என்று தெரியவில்லை. கத்தி இல்லாவிட்டால் இவர்களுக்குக் கதைக்க வேறு எதுவும் இல்லை. அந்தக் கத்தியைத்தான் நான் துருவில் பூட்டி வைத்திருக்கிறேன்.

6

இன்று ஞாயிறு. பூசை முடிந்து வந்தோம்.

நான் செய்தது ஒன்றுதான். கொம்பு முளைத்த கத்தியை மேசையில் வைத்தேன். அதற்கு நேரே தொலைபேசியைச் சீனி போட்ட தகரப்பேணியில் சாய்த்து வைத்தேன். அடித்ததும் பச்சைப் பொத்தானை அமத்தினேன்.

"அம்மா," என்றார் அண்ணா. பிறகு, "அதென்ன துரு?"

அம்மா கதிரையை இழுத்து முன்னால் இருந்தார். கத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீ வெளியில போய் நில்."

கதவைச் சாத்தினார்.

ஒரு கதையை எழுதுகிறவளை அந்தக் கதையில் இருந்தே வெளியே போகச் சொன்னால் என்ன செய்வது? கொப்பியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் வந்து இருக்கிறேன். இதுவரை வீட்டுக்கு வெளியே எழுதியதில்லை. உள்ளே குரல் கேட்கிறது, சொல் கேட்கவில்லை.

மூன்றாவது முடிவில் "நான்" என்ற சொல்லுக்குப் பின்னால் அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். அதை நீங்கள் எழுதுங்கள். என்னால் முடியாது, எனக்குக் கதவு சாத்தியிருக்கிறது. யாரையும் சிரிக்க மட்டும் வைக்காதீர்கள்.

உங்களுக்கு உதவியாக ஒன்று சொல்கிறேன். அப்பாவின் மணிக்கூட்டில், கதவு சாத்தி இப்போது நாற்பத்தொரு நிமிடம். கத்தியைப் பற்றி அவர்களால் பதினேழுக்கு மேல் கதைக்க முடியாது.