தொண்ணூற்றேழு காட்டும் விளக்கு

இது மழைக்கு முன்பு நடந்ததா பின்பா என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆனால் தையல்காரி வாங்கிய புது விளக்கில் அவளுடைய ஆறு வயது மகள் தெரியவில்லை என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்திருந்த மாதம். பழைய குண்டு பல்பு உயிரை விட்டதும் அவள் தெருமுக்கிலிருந்த பல்புக்கடைக்குப் போய், எல்லோரும் கேட்பதுபோலவே எத்தனை வாட்ஸ், பளிச்சென்று எரியுமா என்று மட்டும் கேட்டாள். வாட்ஸ் என்பது விளக்கு தின்கிற மின்சாரம், அது தருகிற வெளிச்சத்துக்கு லூமென் என்று வேறு கணக்கு, மஞ்சளா வெள்ளையா என்பதற்குக் கெல்வின் என்று இன்னொன்று என்று பல்புக்காரர் ஆரம்பித்தார். அவளுக்கோ அடுப்பில் பால். இருப்பதிலேயே மலிவான, இருப்பதிலேயே வெள்ளையான எல்இடி பல்பை வாங்கிவந்து மாட்டினாள். அறை ஆஸ்பத்திரிபோல வெளுத்தது.

முதலில் போனது சிவப்பு. சிவப்பு நூல்கண்டு சேற்று நிறமாயிற்று. மகளின் உதட்டில் சாம்பல் பூத்தது. பிறகு ஒரு சாயங்காலம், காலர் தைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தபோது, எதிரே பாயில் ஒரு வண்ணப் பென்சில் தானாக நகர்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்தது.

"ஏய் வாலு, எங்கடி இருக்க?"

"இங்கதாம்மா. உன் முன்னாடியே."

கையை நீட்டித் துழாவினாள். சூடான சின்னத் தலை ஒன்று தட்டுப்பட்டது. மிதிகட்டையில் அவள் கால் உறைந்துபோயிற்று.

பம்ப் ரிப்பேர் பார்க்கும் கணவர் முதலில் சிரித்தார். "ஒளிஞ்சு விளையாடுது. நீ மிஷினுக்குள்ளயே தலைய விட்டுக்கிட்டிருந்தா யாருதான் கண்ணுக்குத் தெரிவா?" அப்புறம் ஒன்றுமே இல்லாத மடியில் மகளின் கனம் ஏறி உட்கார்ந்ததும் அதை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். வெயிலில் பிள்ளை தெரிந்தாள். அதைச் சொல்லி ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள், சீருடை காத்திருக்காது. ஆனால் காலையில் அவள் தெரிய வருவது தள்ளிக்கொண்டே போயிற்று. முதலில் பல் விளக்கி முடிப்பதற்குள் வந்தாள். பிறகு பள்ளிக்கூட மணி அடிக்கும்போது. ஒருநாள் உச்சி வெயிலில்தான் முகம் வந்தது, காதுகள் அதற்கும் அப்புறம். நாளைக்கு வராமலே போய்விட்டால் என்று நினைத்த தையல்காரி தைத்துக்கொண்டிருந்ததைப் பாதியில் போட்டாள். பல்பைக் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

பல்புக்காரர் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "நிறம் காட்டுற எண்ணு அறுபதுதான் போட்டிருக்குக்கா. வெயிலுக்கு நூறு. இது அறுபதக் காட்டும், மிச்சத்தக் காட்டாது."

"அந்த மிச்சத்துல என் பொண்ணு இருக்காய்யா!"

"இருக்கத்தான் செய்வா, எங்கயும் போகல. ஆனா ரொம்ப நாள் காட்டாம விட்டா வெயிலுக்கும் பழக்கம் விட்டுப்போயிடும்." உள்ளே போய்த் தூசி படிந்த ஒரு பெட்டியை எடுத்துவந்தார். "தொண்ணூத்தேழு. இது வஞ்சனை இல்லாம எல்லாத்தையும் காட்டும்க்கா. அப்புறம் என்கிட்ட வந்து சண்டை போடாதீங்க."

அன்று இருட்டியதும் அதை மாட்டினாள். பாயில் மகள் இருந்தாள், உதடு சிவந்து, காது நுனிவரை முழுசாக. வாரி அணைக்கப் போனவள் பாதியில் நின்றாள். மகளுக்குப் பின்னால், அவளுடைய பின்னலைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்திலும் நிறமெல்லாம் சரியாக இருந்தது. கண்தான் இமைக்கவில்லை.

"யாருடி இது?"

"நான் தெரியாம இருந்தப்ப இவங்கதான்மா துணை. ரொம்ப நாளா இங்கதான் இருக்காங்களாம்."

கணவரின் கை சுவிட்சுக்குப் போயிற்று. தையல்காரி அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அணைச்சா போயிடுவாளா? எங்க உக்காந்திருக்கான்னுதான் நமக்குத் தெரியாமப் போகும்."

அதன்பிறகு அந்த வீட்டில் விளக்கை அணைக்கவில்லை. பல்புக்காரர் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு ஓய்ந்தார். கணவர் கடைசிவரை அந்த அறையை வேகமாகத்தான் கடந்தார்; ஒருநாள் அதே வேகத்தில் போய்ச் சேர்ந்தார். மகள் வளர்ந்து வெளியூரில் வேலைக்குப் போனாள். நடுப்பகலிலும் அவள் காதுகள் கொஞ்சம் மங்கல்தான், முடியை இறக்கிவிட்டுக்கொள்கிறாள். அந்தப் பெண் அவளோடு போகவில்லை. தையல்காரிக்கு எதிரே அதே பாயில் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால், சிவப்பு நூலைச் சரியாக எடுத்துக் கொடுக்கிறாள்.